எண்ணூற்று அறுபது கிராம்

ஜனவரி 8

நாத்தனாருக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால் நன்றி. போனில் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு மணிகூட அடிக்காமல் நின்றுவிடுகிறது. மூன்று வருஷமாக என் எண்ணை நீ அடைத்து வைத்திருக்கிறாய் என்று தெரியும், இருந்தாலும் ஒரு நப்பாசை. போகட்டும். பார்சல் ஆபீஸில் வேலை பார்ப்பவளுக்குத் தபால் புதிதா என்ன?

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் இருபதாம் தேதி மலைக்கு நடக்கப் போகிறேன். இருபத்து நான்கு நாள் நடை. துணைக்கு யாரும் இல்லை. நீ இரண்டு தடவை போய் வந்தவள், அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்.

கவுண்டரில் எனக்குப் பக்கத்து இருக்கைக்காரர் போன வருஷம் போய்வந்தார். சாமான் பட்டியல் கேட்டதும் சந்தோஷமாக எழுதிக் கொடுத்தார். முதல் வரியே ஷேவிங் செட். "பொம்பளைங்களுக்கு என்ன சார் வேணும்?" என்றேன். "அதை நீங்கதான் மேடம் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இதுதான் ஆண்கள் தரும் உதவி.

சுமப்பவரின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை போகக்கூடாதாமே. நான் ஐம்பத்தாறு கிலோ. ஆக, ஐந்து கிலோ அறுநூறு கிராம். என் பையை ஆபீஸ் தராசில் வைத்தேன், ஒன்பது கிலோ முந்நூற்று நாற்பது காட்டியது. எதை எடுக்க, எதை விட என்று புரியவில்லை. ஒரு பெண்ணுக்கு எது இல்லாமல் முடியாது, எது இருந்தால் தொல்லை என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம், எழுத மாட்டாய் என்றும் தெரியும்.

அண்ணி


ஜனவரி 17

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நான்கு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன்.

நடக்கப் போகிறேன் என்று கிளம்புகிறவரைத் தடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதனால் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

நீங்கள் தராசில் வைத்தது காய்ந்த எடை. அது பார்சலுக்குச் சரி, மனுஷிக்குச் சரிவராது. ஓட்டல் சலவைக்கூடத்தில் பதினாறு வருஷமாக ஈரத் துணியைத் தூக்குகிறவள் சொல்கிறேன். அந்தப் பாதையில் எப்படியும் நாலைந்து நாள் மழை பிடிக்கும். தினமும் துவைத்தது பாதி காயாமல்தான் பையில் ஏறும். எல்லாவற்றையும் நனைத்து, பிழிந்து, பிறகு தராசில் வையுங்கள். உங்கள் ஒன்பது கிலோ என்ன ஆகிறது என்று அப்போது தெரியும்.

பெரிய துண்டு வேண்டாம். அதைப் பாதியாக வெட்டுங்கள். சேலை கட்டிக்கொண்டுதான் நடப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்பீர்கள். நனைந்த பருத்திச் சேலை ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும், கரையில் சேறு ஒட்டினால் இன்னும் கூட. சீக்கிரம் காய்கிற துணியில் கால்சட்டை ஒன்று, சட்டை இரண்டு. கூடவே தளர்வான பாவாடை ஒன்று. அது அழகுக்கு இல்லை. வழியில் பாதி தூரம் வெட்டவெளி, ஒரு செடிகூடக் கிடையாது. ஒதுங்க வேண்டி வந்தால் அந்தப் பாவாடைதான் உங்களுக்குச் சுவர்.

பின்னால் கொக்கி வைத்த உள்ளாடை எதுவும் வேண்டாம். பை அந்தக் கொக்கிமேல்தான் உட்காரும், மூன்றாம் நாள் முதுகு புண்ணாகிவிடும். எனக்கு ஆனது. தழும்பு இன்னும் இருக்கிறது.

ஊக்கு பன்னிரண்டு, விசில் ஒன்று. விசில் நாய்க்கும் உதவும், மனுஷனுக்கும் உதவும்.

ஏன் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.


ஜனவரி 26

நாத்தனாருக்கு,

நீ சொன்னபடி எல்லாவற்றையும் நனைத்துப் பிழிந்து வாளியில் போட்டு ஆபீஸுக்குக் கொண்டு போனேன். பதினான்கு கிலோ நூறு. தராசைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. "மேடம், எந்த ஊருக்கு அனுப்பணும், சாதாரணமா, அவசரமா?" என்று கேலி. மேலதிகாரி மட்டும் தராசைத் துடைத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். இருபத்திரண்டு வருஷமாகத் தராசு பார்க்கிறேன், இது எனக்குத் தோன்றவே இல்லை.

சேலை விஷயத்தில் உன்னோடு சண்டை போடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். இப்போது வாயை மூடிக்கொள்கிறேன். கால்சட்டை வாங்கிவிட்டேன். வீட்டுக்குள் போட்டுப் பழகுகிறேன். கண்ணாடியில் பார்த்தால் யாரோ மீட்டர் பார்க்க வந்தவள் மாதிரி இருக்கிறது.

கைப்பை, தலையணை, இரண்டாவது செட் பாத்திரம், முழு சோப்பு எல்லாம் வெளியே. சோப்பைக் கால்வாசியாக அறுத்தேன். புதிய பையும் வாங்கினேன், சிவப்பு, பழையதைவிட ஒரு கிலோ குறைவு. இப்போது மொத்தம் ஆறு கிலோ நானூற்று எண்பது. அதில் ஒரு சாமான் எண்ணூற்று அறுபது கிராம், அதைக் குறைக்க முடியாது. அதை விட்டுப் பார்த்தால் ஐந்து கிலோ அறுநூற்று இருபது. இருபது கிராம்தான் கூடுதல். சீப்பைப் பாதியாக உடைத்துப் பார்த்தேன், பதினொன்று குறைந்தது.

இரண்டு சந்தேகம். எனக்கு வயது நாற்பத்தொன்பது. மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் வருகிறது, இரண்டு மாதம் வராமல் இருந்து திடீரென்று பத்து நாள் படுத்துகிறது. அதற்கு எவ்வளவு எடுத்துக்கொள்வது? இன்னொன்று, துவைத்த உள்ளாடையை எங்கே காயப்போடுவது? இதை அந்தப் பக்கத்து இருக்கைக்காரரிடமா கேட்க முடியும்?

அண்ணி


பிப்ரவரி 3

அண்ணிக்கு,

சீப்பை உடைத்ததை வாசித்துச் சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது, அது வேறு.

நாப்கின் ஒரு பாக்கெட் போதும். முதல் மூன்று நாள்தான் கடை கிடையாது, அப்புறம் இரண்டு நாளைக்கு ஒரு மருந்துக்கடை வரும். மூட்டை கட்டிக்கொண்டு போகாதீர்கள். நாம் பெண்கள் செய்கிற தப்பே அதுதான், "ஒருவேளை" என்று ஒரு சாமான், "ஒருவேளை" என்று இன்னொரு சாமான். வழியில் பை தூக்குவது நீங்களா, அந்த ஒருவேளையா? வலி மாத்திரை மட்டும் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளாடையைப் பையின் முதுகில் ஊக்கால் குத்துங்கள், அதன்மேல் கைக்குட்டையை விரித்து இன்னும் இரண்டு ஊக்கு. நடக்க நடக்கக் காய்ந்துவிடும். ஊர் முழுக்கப் பார்க்குமே என்று பதறாதீர்கள். முன்னால் போகிற பெண்ணின் பையிலும் ஒரு கைக்குட்டை ஆடும். அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். காயாத துணியைத் துண்டுக்குள் சுருட்டி, மேலே ஏறி நின்று மிதியுங்கள். எங்கள் கூடத்தில் இயந்திரம் கெட்டால் அதைத்தான் செய்வோம்.

பையோடு தினமும் பத்து கிலோமீட்டர் நடந்து பழகுங்கள். மழைக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? சொல்லவே இல்லையே.

அது என்ன எண்ணூற்று அறுபது கிராம்? கிராம் கிராமாகக் கணக்குச் சொல்கிறவர் அதற்கு மட்டும் பெயர் எழுதவில்லை. இரண்டாவது ஜோடி ஷூ என்றால் தூக்கிப் போடுங்கள். மாலையில் போட்டுக்கொள்ள ரப்பர் செருப்பு போதும்.


பிப்ரவரி 10

நாத்தனாருக்கு,

மழைக்கு ஒரு ஆள் கோட்டு, இருநூற்றுப் பத்து கிராம். ஆற்றங்கரைச் சாலையில் தினமும் நடக்கிறேன். நேற்று பன்னிரண்டு கிலோமீட்டர். இடது குதிகாலில் கொப்புளம்.

இரண்டாவது ஜோடி ஷூதான். சரியாகப் பிடித்துவிட்டாய். ஆனால் என் காலுக்கு உள்ளது இல்லை. உன் அண்ணனுடையது. நீங்கள் இருவரும் சேர்ந்து மலைக்குப் போவதாக இருந்தீர்களே, அதற்காக ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியது. நீ அதைப் போட்டுக்கொண்டு போனாய். அவருடையது பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, உள்ளே அடைத்த காகிதம்கூட எடுக்கவில்லை. மூன்று வருஷமாக அலமாரியைத் திறந்தால் அதுதான் முதலில் தெரிகிறது. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இரண்டு தடவை வெளியே எடுத்து, திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

மலைமேல் கொண்டுபோய் வைத்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. அதற்காகத்தான் போகிறேன். நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

தங்கும் சத்திரங்களின் பட்டியலையும் தேதிகளையும் தனித்தாளில் எழுதி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். எதற்கும் இருக்கட்டும்.

அண்ணி


பிப்ரவரி 14

அண்ணிக்கு,

அவனை நடக்க விடாமல், இப்போது அவன் ஷூவை மட்டும் நடத்திக் கூட்டிக்கொண்டு போகிறீர்களா?

இதை எழுதக்கூடாது என்று காலையிலிருந்து இஸ்திரி மேசைமுன் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முடியவில்லை. அன்றைக்குப் பேருந்து நிலையத்தில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் தெரியுமா? இருவர் சேர்ந்து போர்த்திக்கொள்கிற மழைப்படுதா என் பையில், சமையல் அடுப்பு அவன் பையில் என்று பங்கு பிரித்து வைத்திருந்தோம். மூன்று பேருந்து வந்து போயின. அப்புறம் போன். "வாத்து, நான் வரல. உங்க அண்ணி விடமாட்டேங்கிறா." அவ்வளவுதான். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஏதோ தப்பு செய்தவன் மாதிரி.

தனியாகப் போனேன். இருவர் படுதாவை ஒருத்தியாகச் சுமந்தேன். வழியெல்லாம் உங்களைத் திட்டினேன். நான்கு மாதத்தில் அவன் போய்விட்டான். அவன் வாழ்க்கையில் தனக்கென்று ஆசைப்பட்டது அந்த ஒன்றுதான். சாவு வீட்டில் அத்தனை பேர் முன்னால் உங்களைப் பார்த்து, "நீங்க விட்டிருந்தா அவன் ஆசையாவது தீர்ந்திருக்கும்" என்று கேட்டேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு வார்த்தை, "ஆமாம், தப்புப் பண்ணிட்டேன்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், உங்கள் காலைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன்.

நன்றாகப் போய்வாருங்கள். பாதையில் கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள், ஊசியில் நூல் கோத்து உள்ளே விட்டு, நூலை அப்படியே விட்டுவிடுங்கள். நீர் வடிந்துவிடும்.

இதற்குப் பதில் வேண்டாம்.


பிப்ரவரி 24, ஐந்தாம் நாள், சத்திரம்

நாத்தனாருக்கு,

பதில் வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். வாசிப்பதும் வாசிக்காததும் உன் பாடு.

மூன்றாம் நாள் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடவே இல்லை. கோட்டு என்னை மூடியது, பையை மூடவில்லை. இங்கே வந்து பிரித்தால் அவர் ஷூ இரண்டும் தண்ணீர் குடித்து உப்பிக் கிடக்கின்றன. நீ சொன்ன நனைந்த எடை என்ன என்று இப்போது என் தோளுக்குத் தெரியும். பெண்கள் அறையில் பதினொரு பேர் இருக்கிறோம். எல்லோர் பையிலும் கைக்குட்டை தொங்குகிறது, நீ சொன்னது போலவே. பக்கத்துக் கட்டில்காரி ஒரு பள்ளிக்கூட டீச்சர். ஷூவைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய கால் யாருக்கு?" என்றாள். சொன்னேன். "செத்தவங்களுக்குக் கால் வலிக்காதும்மா, உங்களுக்கு வலிக்குமே" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் அழுகை வந்தது. அப்புறம்தான் இந்தக் கடிதம்.

நான் அவரைத் தடுக்கவில்லை.

உன் அண்ணன் வாயில் அந்த வார்த்தை எத்தனை தடவை வந்திருக்கிறது என்று யோசித்துப் பார். சீட்டாடக் கூப்பிட்டால் "அவ விடமாட்டா." சங்கத் தேர்தலில் நிற்கச் சொன்னால் "அவ விடமாட்டா." கல்யாண வீட்டில் பாடச் சொன்னால்கூட, "ஐயோ, அவ விடமாட்டாப்பா!" அவருக்கு நேரடியாக முடியாது என்று சொல்ல வராது. என் பெயரைக் குடை மாதிரி விரித்துக்கொள்வார். அவருடைய சிநேகிதர்கள் என்னைப் பார்த்தால் தெருவின் மறுபக்கம் போவார்கள். வீட்டுக்கு வந்து, "இன்னைக்கும் உன்னைச் சொல்லித்தான் தப்பிச்சேன்" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் அது ஒரு மாதிரி பெருமையாக இருந்தது.

நடைக்கு ஒரு மாதம் முன்பிருந்து உனக்குத் தெரியாமல் பழகினார். ரயில் நிலைய மேம்பாலத்தில் முப்பத்தெட்டுப் படி. முதல் வாரம் ஒரு இடத்தில் நின்றார். கிளம்புவதற்கு முந்தின நாள் நான்கு இடத்தில். உதடு நீலமாக இருந்தது. டாக்டரிடம் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். இதயம் பலவீனம் என்றார். பிறகும்கூட நான், "மெதுவா ரெண்டு நாள் மட்டும் நடங்க, அப்புறம் பஸ்ல வந்துடுங்க, அவளுக்கு ஒரு ஆறுதலா இருக்கும்" என்றேன். கேட்கவில்லை. "வாத்துகிட்ட எனக்கு முடியலன்னு மட்டும் சொல்ல மாட்டேன். சின்ன வயசுல அவளைத் தோள்ல தூக்கிட்டு ஓடினவன் நான். நீ விடலன்னே சொல்லிடறேன். நீயும் அப்படியே இரு" என்றார். நான் தலையாட்டினேன், எப்போதும் ஆட்டுகிற மாதிரி. அது கடைசித் தடவை என்று யாருக்குத் தெரியும்?

அன்றைக்கு எல்லோர் முன்னாலும் நீ கேட்டபோது, சொல்ல வாய் வரை வந்தது. நீ அவரை ஒரு நோயாளியாக நினைத்து அழுவதைவிட, என்மேல் கோபமாக இருந்துவிட்டுப் போ என்று விட்டுவிட்டேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். மூன்று வருஷம் நீ பேசாமல் இருப்பாய் என்று நினைக்கவில்லை. அவர் இல்லாத வீட்டில் நீயும் இல்லாமல் போனது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உனக்குச் சொன்னால் புரியுமோ என்னவோ.

இன்று இந்த ஊர் பார்சல் கவுண்டரில் ஷூவை உன் முகவரிக்கு அனுப்பிவிட்டேன். அங்கிருந்த பெண் ஆயிரத்து இருநூற்று நாற்பது கிராம் என்று எழுதினாள். "இது எண்ணூற்று அறுபதும்மா, ஈரத்தோட நிறுத்திருக்கீங்க" என்று சண்டை போட்டேன். இப்படி ஒரு வாடிக்கையாளர் என் கவுண்டருக்கு வந்தால் நான் என்ன சொல்வேன் என்று நினைத்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன். நீ அதை வைத்துக்கொள், தூக்கிப் போடு, எது வேண்டுமானாலும் செய். மலைமேல் வைக்க வேண்டியது அது இல்லை என்று தோன்றிவிட்டது. நான் நடையை முடிப்பேன்.

குதிகாலில் நூல் வேலை செய்கிறது.

அண்ணி


மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

இது பதினெட்டாம் நாள் சத்திரத்துக்குப் போகிறது. உறைமேல் "சிவப்புப் பை, பார்சல் ஆபீஸ் அம்மா" என்று எழுதியிருக்கிறேன். எப்படியும் கொடுத்துவிடுவார்கள், அந்தப் பாதையில் அப்படித்தான்.

கடிதமும் பார்சலும் ஒரே நாளில் வந்தன. முதலில் உங்கள்மேல் கோபம்தான் வந்தது. என் அண்ணனுக்கு முடியவில்லை என்பதை எனக்குச் சொல்லாமல் மறைக்க நீங்கள் இரண்டு பேரும் யார்? தெரிந்திருந்தால் அந்த நான்கு மாதமும் அவன் பக்கத்திலேயே இருந்திருப்பேனே! அவன் போன் பண்ணினாலும், "உன் பெண்டாட்டிகிட்ட கேட்டுட்டுப் பேசு" என்று வைத்துவிடுவேன். அதை இனி யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? இதற்கு உங்களை நான் மன்னிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் இஸ்திரி மேசையில் நின்றுகொண்டிருந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. உங்களுக்குக் கல்யாணம் ஆன புதிது. அவனுடைய ரேடியோவை ஒரு வாரம் இரவல் கேட்டேன். "அண்ணி விடமாட்டா" என்றான். நீங்கள் அப்போது உங்கள் அம்மா வீட்டில் இருந்தீர்கள், அண்ணி! ஊரிலேயே இல்லாதவர் எப்படி விடாமல் இருப்பார் என்று எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை, இருபத்தைந்து வருஷம் கழித்து உறைக்கிறது. ஓட்டல் படுக்கைவிரிப்பில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன். அந்த விரிப்பைத் திரும்பத் துவைக்க வேண்டியதாயிற்று.

ஷூவுக்குள் செய்தித்தாள் அடைத்து, நிழலில் மூன்று நாள் காயவைத்தேன். வெயிலில் வைத்தால் சுருங்கிவிடும். அதன்முன் உட்கார்ந்து, போடலாமா கூடாதா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகுதான் நினைத்துக்கொண்டேன், இதில் புதிதாக என்ன இருக்கிறது? அவனுக்குக் காலைப் பள்ளிக்கூடம், எனக்கு மதியப் பள்ளிக்கூடம். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே ஜோடிதான். அவன் ஓடி வந்து வாசலில் கழற்றுவான், நான் சூடாறாமல் மாட்டிக்கொண்டு ஓடுவேன். என் கால் அவன் காலுக்குச் சமமாக வளர்ந்ததால்தானே வாத்து என்று பெயர் வைத்தான். போட்டுப் பார்த்தேன். இன்னும் சரியாகத்தான் இருக்கிறது. பழக்குவதற்குத் தினமும் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிறேன்.

இருபதாம் நாள் நீங்கள் தங்குகிற சத்திரத்துக்குப் பேருந்தில் வந்துவிடுகிறேன். கடைசி நான்கு நாள் சேர்ந்து நடப்போம். என் பை நான்கு கிலோ எழுநூறு, நனைந்த எடை. அந்த இருநூற்றுப் பத்து கிராம் கோட்டை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இருவர் படுதா என்னிடம் இருக்கிறது.

ஓட்டலில் இது கூட்டம் அதிகமான சமயம். லீவு கேட்டுப் போய் நின்றேன். மேற்பார்வையாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இப்போ போகலைன்னா என்ன குடி முழுகிடும்?" என்றார்.

"இல்ல சார், போகாம இருந்தா எங்க அண்ணி விடமாட்டாங்க" என்றேன்.

வாத்து